சாட்சிக்குத் தண்ணீர்

ஜூலை 31, புதன்

நான் வேலை பார்க்கும் பள்ளி நூலகத்தில் மூன்றாவது அலமாரியைக் கரையான் பிடித்துவிட்டது. புத்தகங்களை எல்லாம் இறக்கி மைதானத்தில் வெயிலுக்குப் பரப்பினேன். ஆடிக் காற்று ஒரு பக்கத்தைக்கூட நிலையாக இருக்க விடவில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் தேடி வைப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஸ்டேஷன்ல இருந்து ஆள் வந்தான்" என்றாள், கீரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பொன்சிங்க ஜெயில்ல இருந்து விடலாமான்னு பாக்காவளாம். நமக்கு ஆட்சேபம் உண்டான்னு கேக்க ஆபீசரம்மா வருவாவளாம்."

"எப்ப?"

"அடுத்த புதன்."

அதற்குப் பிறகு நாங்கள் உப்பு குறைந்திருப்பதைப் பற்றிப் பேசினோம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

புத்தகங்களைத் திரும்ப அடுக்கினேன். எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் மேசைக்கு எழுந்து போனார்கள். அம்மா வழக்கம்போல் பெஞ்சிலேயே இருந்துவிட்டாள். என் அண்ணன் டைட்டஸ் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அம்மா அந்த மேசைக்குப் போனதில்லை. பிள்ளையைக் கொன்ற பொன்சிங்கை மன்னிக்க முடியாதவள், மனதில் பகையோடு அப்பத்தைத் தொடக்கூடாது என்று ஒதுங்கி இருக்கிறாள் என்று ஊர் சொல்லும். அதற்காகவே அவள்மேல் ஒரு மரியாதையும் உண்டு. அம்மாவைப் பற்றி, லில்லி டீச்சர் நடிக்கத் தெரியாதவர்கள் என்பார்கள்.

நான் போனேன். திருவிருந்தில் பங்குபெறத் திடப்படுத்தல் எடுத்த நாளிலிருந்து ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

குருவானவர் இந்த மாதம் முழுக்கக் கடவுளின் நீதியையும் இரக்கத்தையும் பற்றிப் பேசப் போகிறாராம். இரண்டும் சிலுவையில்தான் ஒன்றையொன்று சந்தித்தன என்றார். இரக்கம் என்பது குற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது அல்ல. குற்றத்தை அதன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிறகு அதன் பாரத்தைத் தானே சுமப்பது என்றார். நான் இதைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். மேல்நாட்டு இறையியலாளர்கள், நம் ஊர்ப் பிரசங்கிகள், கடவுளே இல்லை என்றவர்கள் என்று பல பேர். எல்லாரும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

வெளியே வரும்போது செருப்புத் தேடுகிற இடத்தில் ஆல்பர்ட் அண்ணாச்சி அம்மாவைப் பிடித்துக்கொண்டார். சபைக் கமிட்டிச் செயலாளர் அவர்.

"டீச்சர், கேள்விப்பட்டேன். நீங்க ஆட்சேபம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், அவன் அங்கயே கிடப்பான். ஊரு உங்க பக்கம்."

"என் செருப்ப மிதிச்சிட்டு நிக்கீங்க அண்ணாச்சி" என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 7, புதன்

நன்னடத்தை அலுவலர் வந்தார். பெயர் மீனலோசனி. ஐம்பது வயது இருக்கும். காற்றில் கலைந்த தலையை வாசலிலேயே நின்று சரிசெய்துகொண்டுதான் உள்ளே வந்தார். பத்து வருஷம் முடித்த ஆயுள் கைதிகளில் நல்ல நடத்தை உள்ளவர்களை முன்கூட்டியே விடுவிக்க அரசு பரிசீலிக்கிறது, இறந்தவருடைய குடும்பத்தின் கருத்தும் அறிக்கையில் சேரும் என்று விளக்கினார்.

"மன்னிக்கணும்னு நான் கேக்கல. அது உங்க விஷயம்" என்றார். "ஆட்சேபம் உண்டா இல்லையா, அவ்வளவுதான்."

"யோசிச்சு சொல்லுதேன்" என்றாள் அம்மா.

"இருபதாம் தேதிக்குள்ள ஆபீசுக்கு வந்து எழுதிக் குடுங்க." காகிதத்தைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "கண்ணால பாத்த சாட்சி எப்சிபா, அது நீங்களா? அப்போ பதினாலு வயசு. பாவம்."

காபி ஆறிப்போயிருந்தது. வேறு போட்டுத் தருகிறேன் என்று உள்ளே போனேன். பால் இல்லை என்பது அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் 10, சனி

அசன அரிசி எடுக்கப் போனோம். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தின நாள், ஊர் முழுக்க ஒரே பந்தலில் ஒரே சோற்றைச் சாப்பிடுவதுதான் அசனம். வீட்டுக்கு ஒரு படி அரிசி. பணக்காரர் இரண்டு படி போட்டாலும் வாங்கமாட்டோம். எல்லா வீட்டு அரிசியும் ஒரே உலையில் வேக வேண்டும்.

தாவீதுவிளையில் நூற்றுப்பதினெட்டு வீடுகள். நாங்கள் நூற்றுப்பதினேழு வீடுகளில் எடுப்போம். பொன்சிங் அண்ணாச்சியின் வீட்டில் எடுப்பதில்லை. எந்தக் கமிட்டியும் அப்படித் தீர்மானம் போட்டதில்லை. அண்ணன் இறந்த மறுவருஷம் ஒரு முறை தாண்டிப் போனோம், அதுவே வழக்கமாகிவிட்டது.

இந்த முறை என்னோடு வந்தவள் ஷெர்லின். மூன்று மாதத்துக்கு முன்புதான் கோயம்புத்தூரிலிருந்து இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. நான் ஒரு வீட்டில் தூக்குவாளி கேட்டு நின்றுகொண்டிருந்தேன். அதற்குள் அவள் முன்னால் போய்விட்டாள். நான் தெருமுனை திரும்பியபோது கனி அக்கா தன் வாசல்படியில் நின்று, கையிலிருந்த படியைச் சாய்த்து அரிசியைச் சாக்குக்குள் கொட்டிக்கொண்டிருந்தாள். மெதுவாக, ஒரு மணியும் வெளியே சிந்தாமல். பொன்சிங் அண்ணாச்சியின் மனைவி அவள். என்னைக் கண்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. ஆனால் படி காலியாகிவிட்டிருந்தது.

"ஏன்க்கா இப்படிப் பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் ஷெர்லின். "இவங்க கையில படியோட வாசல்லயே நின்னுட்டு இருந்தாங்க. எவ்வளவு சின்சியர்!"

கனி அக்கா உள்ளே போனாள்.

வருஷா வருஷம் அவள் அப்படி நிற்பாள் போலிருக்கிறது. நான் அந்தத் தெருவில் தலையைத் திருப்பாமல் நடப்பதால் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடிவிட்டது. சாக்கு மேசைக்கு அருகே ஒரு குற்றவாளியைப் போல நிறுத்தப்பட்டிருந்தது.

"ஒரு படிய அளந்து திருப்பிக் குடுத்துருவோம்" என்றார் ஒருவர்.

"எந்த ஒரு படிய? அவ அரிசியத் தனியா பொறுக்கவா முடியும்? எல்லாம் கலந்துபோச்சுல்லா."

"அப்ப மூட்டையவே ஒதுக்கிருவோம்."

"அதுல எங்க வீட்டு அரிசியும் இருக்கு வே! எங்க அரிசி என்ன பாவம் செஞ்சுது?"

"அவ போட்டது இட்லி அரிசியா சோத்தரிசியா?"

"கேட்டுத்தான் சொல்லணும்."

"யாரு கேக்க? நீரு போய்க் கேளும்."

ஷெர்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மாமியார் அவள் காதில் எதையோ சொன்னார்கள். ஷெர்லினின் முகம் மாறிவிட்டது. என் பக்கம் திரும்பி, "சாரிக்கா, எனக்குத் தெரியாது, நிஜமாவே தெரியாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கை சூடாக இருந்தது. நான் மெல்ல விடுவித்துக்கொண்டேன்.

கடைசியில் ஆல்பர்ட் அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். "டீச்சர் என்ன சொல்லுதாவளோ அதுதான். பிள்ளைய இழந்தவுக அவுக."

ஆக, அரிசிக்கும் ஆளுக்கும் ஒரே வீட்டில் அனுமதி கேட்கிறார்கள்.

அம்மா ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நடந்ததை ஒரு முறை எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது. நீதிமன்றத்தில் நான் சொன்னபடியே எழுதுகிறேன்.

பண்டிகைக்கு நான்கு நாள் முன்பு. ஆலயக் கோபுரத்தில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரீஷியன் பொன்சிங். உதவிக்கு வாலிபர் சங்கச் செயலாளராக இருந்த என் அண்ணன் டைட்டஸ். இருவருக்கும் ஏற்கனவே பகை. அண்ணன் குடிப்பதாகப் பொன்சிங் கமிட்டியில் புகார் சொல்லியிருந்தார். "இவன் ஒருநாள் என் கையாலதான் முடிவான்" என்று கடைத்தெருவில் பத்துப் பேர் முன்னால் சொல்லியுமிருந்தார். மதியம் மூன்று மணிக்கு நான் ஃபிளாஸ்க்கில் தேநீர் எடுத்துக்கொண்டு மணிக்கூண்டுப் படி ஏறினேன். கடைசிப் படியில் நின்றபோது கைப்பிடிச் சுவரருகே வாக்குவாதம். பொன்சிங் என் அண்ணனின் சட்டையைப் பிடித்துத் தள்ளினார்.

கீழே இருந்தவர்கள் மேலே ஓடி வந்தபோது பொன்சிங்கின் கையில் அண்ணனின் சட்டைப்பை கிழிந்து இருந்தது. அது அரசுத் தரப்புச் சான்றுப் பொருள் இரண்டு. நான் அரசுத் தரப்புச் சாட்சி ஒன்று.

ஆகஸ்ட் 14, புதன்

நூலகத்துக்கு யாரும் வரவில்லை. மின்விசிறியின் சத்தத்தில் ஒரே பக்கத்தை நாலு தடவை வாசித்தேன்.

சாட்சிக் கூண்டில் ஏறியபோது எனக்குப் பதினாறு வயது ஆகியிருந்தது. நீதிபதி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, அப்பாவைப் போலப் பேசினார். உண்மை என்றால் என்ன என்று தெரியுமா எனக் கேட்டார். தெரியும் என்றேன்.

"பொய் சொன்னா என்ன ஆகும்மா?"

"கடவுள் தண்டிப்பார்."

கூடத்தில் எல்லாரும் லேசாகச் சிரித்தார்கள். அன்பான சிரிப்பு. நீதிபதி தட்டச்சரிடம் அதைப் பதிவு செய்யச் சொன்னார். அந்த ஒரு பதிலால்தான் என் சாட்சியம் ஏற்கத்தக்கது என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறது.

அதன் பிறகு பன்னிரண்டாம் வகுப்பில் நான் பள்ளியில் முதலிடம். கல்லூரியில் தங்கப் பதக்கம். வேலைக்கு முதல் நேர்காணலிலேயே எடுத்துக்கொண்டார்கள். பதக்கம் வாங்கிய அன்று வீட்டுக்கு வந்து கழுத்திலிருந்து அதைக் கழற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மகிழ்ச்சியில் அழுகிறாள் என்று அம்மா நினைத்திருப்பாள். ஒவ்வொரு நல்லது வரும்போதும் நான் இரண்டு நாள் படி இறங்கப் பயப்படுவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

கடவுள் தண்டனையைத் தாமதிப்பதுதான் இரக்கம் என்று ஒரு புத்தகத்தில் வாசித்தேன். திரும்பி வருவதற்குக் கொடுக்கப்படுகிற அவகாசமாம். அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தேன். கரையான் அதை விட்டுவிட்டது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம் முடிந்து பள்ளியிலிருந்து வரும்போது பேருந்து நிறுத்தத்தில் கனி அக்கா. நானும் அவளும் மட்டும். இருவரும் காற்றுக்குச் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அவள்தான் பேசினாள்.

"ஏட்டி எப்சி, அந்த அரிசியத் திருப்பித் தந்துரச் சொல்லு. ஒரு படி அரிசிக்கு ஊரு ரெண்டாக வேண்டாம்."

"அம்மா இன்னும் ஒண்ணும் சொல்லல அக்கா."

"டீச்சர் என்ன சொன்னாலும் சரிதான். அவுக வயிறு எரிஞ்சவுக." கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தாள். "உன் மேல எனக்கு ஒண்ணும் கிடையாதுட்டி. நீ சின்னப்பிள்ள. பாத்ததச் சொன்ன. என் வீட்டுக்காரவுகளும் உன்ன ஒருநாளும் ஏசினதில்ல. அன்னைக்குக் கோர்ட்டுல நீ தேம்பித் தேம்பி அழுதியே, பேச்சு வராம? 'அந்தப் பிள்ளைக்குத் தண்ணி குடுங்கய்யா'ன்னு எதிர்க் கூண்டுக்குள்ள இருந்து ஒரு சத்தம் வந்துல்லா? யாருன்னு நெனச்ச? இவுகதான். போலீசு அதட்டிட்டான்."

பேருந்து வந்தது. நான் ஏறவில்லை. எதையோ மறந்துவிட்டேன் என்று சொல்லிப் பள்ளிக்குத் திரும்பினேன்.

அந்தத் தண்ணீரை நான் குடித்தேன். குடித்த பிறகுதான் குரல் வந்தது. அதன் பிறகுதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அண்ணன் குடித்திருந்தான். படியேறும்போதே மூச்சில் அந்த வாடை. பொன்சிங் அண்ணாச்சி சுவரருகே குனிந்து ஒயரைக் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் பின்னாலிருந்து அடிக்கப் போனான். அவர் விலகினார். அண்ணன் தன் வேகத்திலேயே சுவரைத் தாண்டினான். அவர் எட்டிச் சட்டையைப் பிடித்தார்.

பிடித்து இழுத்தார்.

சுவரில் வயிறு அழுந்த, பாதி உடம்பு வெளியே தொங்க, ஒரே கையால் இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, புடி" என்றார். என் கையில் ஃபிளாஸ்க் இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு பை கிழிந்தது.

எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அம்மா எழுந்து நின்றாள். வகுப்பறைக் குரலில், "அரிசி அப்படியே இருக்கட்டும். ஒரே உலையில போடுங்க" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

 பிறகு பெண்கள் எல்லாரும் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அழுதாள். "இதுதான் கிறிஸ்தவ அன்பு" என்றார் ஆல்பர்ட் அண்ணாச்சி. இரண்டு வாரத்துக்கு முன் வேறு கட்சியில் இருந்தவர். குருவானவர் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. "பிள்ளையும் தங்கமான பிள்ள" என்று என் கன்னத்தைத் தடவினார்கள்.

"என்னத் தூக்கி வைக்காதிய" என்றாள் அம்மா. ஏறக்குறைய கத்தினாள். அதையும் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் சாப்பிட்டு முடித்து, அம்மா மறுநாள் குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். நான் எதிரில்.

"டைட்டஸ் விழுந்த அன்னைக்குச் சாயங்காலம், போலீஸ் வாரதுக்கு முன்னாடி, உன்னட்ட ஒண்ணு கேட்டேன். நெனவிருக்கா?"

"இல்ல."

"இருக்கும்." அம்மா வெங்காயத்தைத்தான் பார்த்தாள். "முப்பது வருஷம் டீச்சரா இருந்தவ நான். பிள்ளையள்ட்ட கேள்வி கேட்டே காலம் போச்சு. மொதல்ல மெதுவாக் கேப்பேன். பிடிக்காத பதில் வந்தா, அதே கேள்வியச் சத்தமாத் திருப்பிக் கேப்பேன். உடனே மாத்திச் சொல்லிரும் எந்தப் பிள்ளையும். அதுக்குத் தெரிஞ்ச பதிலச் சொல்லாது. எனக்கு வேண்டிய பதிலத்தான் சொல்லும்."

நான் அவள் உரித்த வெங்காயங்களைக் கிண்ணத்தில் எடுத்துப் போட்டேன்.

"நீ மொதல்ல சொன்னது என் காதுல விழுந்துச்சு எப்சி. 'இழுத்தாவ'ன்னு சொன்ன. நான், 'தள்ளினானா?'ன்னு கேட்டேன். அப்புறம் உன் தோளப் பிடிச்சுத் திரும்பக் கேட்டேன்."

வெங்காயத் தோல் மின்விசிறிக் காற்றில் தரையெல்லாம் பறந்தது. நான் அதைப் பொறுக்கிக்கொண்டே, "அதனாலதான் நீ திருவிருந்துக்குப் போறதில்லையா?" என்று கேட்டேன்.

"அந்த மேசைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?" என்றாள்.

அதைச் சொன்னபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது அவளுடைய இரக்கம். நான் மாதம் தவறாமல் போனவள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலை முழுக்கப் பேசினோம். விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

"ஆட்சேபம் இல்லன்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுப்போம்" என்றாள் அம்மா. "வெளிய வந்துருவான்லா. அது போதாதா? செத்த பிள்ளைய இனிமே போய்க் குடிகாரன்னு சொல்லணுமா? ஒனக்கு வேல போகும். கேசு போட்டா?"

"போதாதும்மா."

"ஏன்?"

 எழுந்து போய்த் துணி காயப்போட்டேன். காற்று ஒரு துண்டைப் பக்கத்து வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்விட்டது. அதை வாங்கி வரும்போது தெளிவானது. அவர் வெளியே வருவார். நாங்கள் மன்னித்த கொலைகாரனாக வருவார். ஊர் அவரைச் சேர்த்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்து நன்றி சொல்லச் சொல்லும். கனி அக்கா வாசலில் வந்து அம்மாவின் காலைப் பிடிப்பாள். நாங்கள் பிடிக்க விட்டுவிடுவோம். அவருக்குச் சேர வேண்டியதையே எங்கள் இரக்கமாக அவருக்குக் கொடுத்திருப்போம்.

இதைச் சொன்னேன். இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை. திக்கித் திக்கிச் சொன்னேன்.

அம்மா அண்ணனின் படத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். சட்டம் துடைத்து, கண்ணாடி துடைத்து, பின்புறத்து அட்டையையும் துடைத்தாள்.

"நான் வரமாட்டேன்" என்றாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஏழரைப் பேருந்துக்குத் தனியாகத்தான் கிளம்பினேன். நிறுத்தத்தில் அம்மா எனக்கு முன்பே நின்றுகொண்டிருந்தாள். பின்வாசல் வழியாக வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைச் சேலை, குடை.  டிக்கெட் அவள்தான் எடுத்தாள்.

அலுவலகத்தில் மீனலோசனி அம்மாள் படிவத்தை நீட்டினார். ஆட்சேபம் உண்டு, ஆட்சேபம் இல்லை, இரண்டு கட்டங்கள்.

"நான் சொல்ல வேண்டியதுக்கு இதில இடம் இல்ல" என்றேன்.

சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். வெளியே யாரோ வந்து கதவைத் திறந்தபோது கையை மட்டும் காட்டிப் போகச் சொன்னார். முடித்ததும் படிவத்தைத் திரும்ப வாங்கிக் கோப்புக்குள் வைத்தார்.

"இது என் ரிப்போர்ட்டுக்குள்ள அடங்காதும்மா. கோர்ட்டுக்குப் போகும். உங்க மேல கேஸ் வரலாம், வராமலும் போகலாம். முதல்ல ஒரு வக்கீலப் பாருங்க. பாத்துட்டு எழுதுங்களேன்?"

"பாத்தா எழுதமாட்டேன்."

அவர் இழுப்பறையிலிருந்து நான்கு வெள்ளைத் தாள் எடுத்துக் கொடுத்தார். மூன்றரைப் பக்கம் வந்தது. ஃபிளாஸ்க்கைப் பற்றியும் எழுதினேன். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது, அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மிச்சமிருந்த அரைப் பக்கத்தில், கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டெழுத்தில் எழுதினாள்: "முதலில் இவள் உண்மையைத்தான் சொன்னாள். மாற்றியது நான்."

திரும்பும்போது பேருந்தில் அம்மா தூங்கிவிட்டாள். தலை என் தோளில் விழுந்து விழுந்து எழுந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

ஊர் சொல்லிக் கனி அக்கா கேட்கக்கூடாது என்று நானே போனேன். அவள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். "வா" என்றாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றபடியே சொன்னேன்.

கை நிற்கவில்லை. இலையை வெட்டினாள், தூளை வைத்தாள், சுருட்டினாள், நூல் கட்டினாள். நான் பேசி முடிப்பதற்குள் ஐந்து பீடி. ஆறாவதில் நூல் அறுந்தது.

"என் மக கல்யாணத்துக்கு அவளக் கையப் புடிச்சுக் கோயிலுக்குள்ள யார் கூட்டிட்டுப் போனது தெரியுமா?" என்றாள். குரல் உயரவே இல்லை. "உபதேசியார். ஊருக்கெல்லாம் மணியடிக்கிற உபதேசியார். அவளுக்கு அப்பன் உசுரோட இருக்கும்போது."

"அக்கா..."

"மாமனார் செத்தப்ப அவுகளக் கையில விலங்கோடதான் கூட்டிட்டு வந்தானுவ. மண்ணள்ளிப் போடக் கை விரியல." கத்தரிக்கோலை முறத்தில் வைத்தாள். "நான் ஒன்ன ஒண்ணும் சொல்லல. சொன்னா நிறுத்த முடியாது. எந்திரிச்சுப் போ."

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அதை அவள் கவனித்திருக்கவில்லை.

கதவு சாத்துகிற சத்தத்தை எதிர்பார்த்து நடந்தேன். சாத்தவில்லை. கதவு திறந்தே கிடந்தது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஊருக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயில் எனக்கு வழி விடுகிறார்கள், மரியாதைக்கு அல்ல. "செத்தவன் பேரயும் கெடுத்துட்டாளுவ, கோயில் பேரயும் கெடுத்துட்டாளுவ" என்று ஆல்பர்ட் அண்ணாச்சி சொன்னாராம். பள்ளித் தாளாளர் திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். குருவானவர் வந்தார். அரைமணி நேரம் இருந்தார். வசனம் எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது, தான் போன ஞாயிறு ஆலயத்தில் அம்மாவின் கையைப் பிடித்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னார்.

படி இறங்க எனக்குப் பயமாக இல்லை. இன்று கவனித்தேன்.

ஆகஸ்ட் 24, சனி

அசனம். எல்லா அரிசியும் ஒரே உலையில் வெந்தது. பந்தலில் எங்களுக்கு இடம் இருந்தது; இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆள் அகலத்துக்கு இடைவெளியும் இருந்தது. அம்மா நிதானமாகச் சாப்பிட்டாள், இரண்டாம் முறை சாம்பாரும் கேட்டு வாங்கினாள். பரிமாறியவன் அதிர்ச்சியில் அதிகமாக ஊற்றிவிட்டான்.

கனி அக்கா வரவில்லை. வரமுடியாத வீடுகளுக்குச் சோறு எடுத்துப்போவது வழக்கம். ஷெர்லின் ஒரு தூக்குவாளியை என் முன்னால் வைத்தாள்.

"அவங்க அரிசியும் இதுலதானேக்கா இருக்கு? நீங்க கொண்டு போங்க. நான் வந்தா சரியா இருக்காது."

உச்சி வெயில். கனி அக்காவின் வாசலில் நின்று, "அக்கா, அசனச் சோறு" என்றேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாளிக்காகக் காத்து நிற்பதா, போவதா என்று தெரியவில்லை. நின்றேன். மணல் காற்று முகத்தில் அடித்தது. ரொம்ப நேரம் ஆனது.

மறுபடி வந்தபோது அவள் கையில் வாளி இல்லை. ஓர் எவர்சில்வர் குவளை நிறையத் தண்ணீர். அதை என் கையில் தரவில்லை. படியில் வைத்தாள்.

"நான் குடுக்கல" என்றாள். "திங்கக்கிழம ஜெயிலுக்கு மனு போட்டு அவுகளப் பாக்கப் போறேன். எல்லாத்தையும் சொல்லுவேன். சொல்லி முடிச்சதும் அவுக மொதல்ல என்ன கேப்பாவன்னு எனக்குத் தெரியும். பிள்ள வந்தாளே, தண்ணி குடுத்தியான்னு கேப்பாவ."

 முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

குனிந்து எடுத்தேன். குடித்தேன். பாதி என் சேலையில் சிந்தியது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பிரதிஷ்டைப் பண்டிகை. திருவிருந்துக்கு அழைத்தபோது அம்மா எழுந்தாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்று, என் பக்கம் கையை நீட்டினாள். நான் தலையசைத்தேன், இன்று வேண்டாம். அவள் தனியாக நடந்து போவதை இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன்.

நேற்றுக் குவளையைப் படியில் வைக்க மறந்து கையோடு எடுத்து வந்துவிட்டேன். கழுவி, என் மேசையில், இந்த நோட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அடியில் பொன்சிங் என்று பெயர் வெட்டியிருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும்.